மோல்டாவில் நான் மனைவியைக் காப்பாற்றிய கதை

மத்தியதரைக் கடலில் மூழ்கப்போன மனைவியைச் சத்தம் போட்டுக் காப்பாற்றியவன் என்று கனடாவில் மார்க்கம், ஸ்ரௌவ்வில் என்ற இரண்டு ஊர்களிலும் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். ஒரு தம்பதி தங்கள் கல்யாண நாளுக்கு என்னைப் பேசக்கூடக் கூப்பிட்டார்கள். (போனேன். பேசினேன். கேக்கும் சாப்பிட்டேன்.) அந்தப் பெயர் பொய். மனைவி மூழ்கவில்லை, நான் காப்பாற்றவுமில்லை. அன்று நான் செய்தது ஒன்றுதான். கோபப்பட்டேன்.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன். இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். படித்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் இப்படி நடக்கலாமா என்று கேட்பீர்கள். படித்திருந்தபடியால்தான் இவ்வளவு மோசமாக நடந்தேன் என்று நினைக்கிறேன். படிக்காதவனுக்கு இத்தனை நுணுக்கமாகக் கோபிக்க வராது.

மூன்று வருடங்களுக்கு முன்னர் எங்கள் நாற்பதாவது திருமண ஆண்டு வந்தது. மகள் ஷாலினியும் மருமகன் கெவினும் எங்களை மோல்டாத் தீவுக்கு ஆறு நாள் கூட்டிப்போவதென்று முடிவெடுத்தார்கள். இருவரும் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகள். ஷாலினிக்கு எதையும் அட்டவணை போட்டால்தான் நித்திரை வரும். வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். முதல் நாள் கோட்டையில் மதியம் சுடுகிற பீரங்கி, இரண்டாம் நாள் மீன்பிடித் துறைமுகம், மூன்றாம் நாள் சமையல் வகுப்பு, நாலாம் நாள் பக்கத்திலுள்ள கோசோத் தீவு, ஐந்தாம் நாள் நீலக் குடாவுக்குப் போட் சவாரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்: அப்பா அம்மா வருகினமா?

எங்கள் ஆட்களின் முறையை இங்கே சொல்லவேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் 'தேத்தண்ணி குடிக்கிறியளோ' என்று கேட்பார்கள். உடனே ஓம் என்பவன் வளர்ப்புச் சரியில்லாதவன். முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம் 'உங்களுக்கேன் கரைச்சல்' என்பது, மனதாரத்தான் கேட்கிறார்களா என்று பார்ப்பது. மூன்றாம் தரம் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இருத்தும்போது 'சரி, அரைக் கப்' என்று இறங்கிவரலாம். அந்த முறைப்படி எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதினேன்: "எங்களுக்கென்னத்துக்குப் பிள்ளை. நீங்கள் போயிட்டு வாங்கோ." எழுதிவிட்டு, அவர்கள் திரும்பக் கேட்பதற்கிடையில் கடைக்குப் போய் வெயிலுக்கு ஒரு தொப்பியும் வாங்கினேன்.

கெவினிடமிருந்து பதில் வந்தது. நிமிர்த்திய ஒரு பெருவிரல் படம். நாற்பது வருடக் கல்யாணத்துக்கு ஒரு மஞ்சள் பெருவிரல்!

போனைக் கொண்டுபோய் ஜெயத்திடம் காட்டினேன். ஜெயம் என் மனைவி. குசினியில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பாரும், ஒருக்கா மறுத்தவுடனை விட்டிட்டாங்கள்."

"அப்ப ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே."

"அதெப்பிடி உடனை ஓம் எண்டுறது?"

அவள் கத்தியை நிறுத்தினாள். "போட் சவாரிக்கும் வேண்டாம் எண்டோ எழுதினியள்?"

"எல்லாத்துக்கும்தான்."

"எனக்கும் சேர்த்தோ?"

"பின்னை?"

அவள் மறுபடி போஞ்சி வெட்டத் தொடங்கினாள். கொஞ்சம் சத்தமாக வெட்டினாள் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது எனக்கு அந்தப் பெருவிரலைத் தவிர வேறொன்றும் கண்ணில் தெரியவில்லை.

மோல்டாவில் போய் இறங்கினோம். முதல் நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் கெவின், "மாமா, நீங்கள் நல்லா ரெஸ்ற் எடுங்கோ, என்ன" என்று அன்பாகச் சொல்லிவிட்டு ஷாலினியோடு கிளம்பினான். அந்த அன்பு எனக்குக் காஞ்சொறி இலை பட்டதுபோல எரிந்தது. ரெஸ்ற் எடுக்கவா ஏழு மணித்தியாலத்துக்கு மேல் பிளேனில் முழங்காலை மடித்துக்கொண்டு வந்தேன்? பல்கனியில் இரண்டு கதிரை. ஒன்றில் நான், மற்றதில் ஜெயம். முன்னால் ஒரு துறைமுகமும் ஒரு கடலும். மதியம் பன்னிரண்டுக்கு எதிர்க் கோட்டையில் பீரங்கி வெடித்தது. நானும் ஜெயமும் ஒரே நேரத்தில் பல்கனிக் கதவுக்குப் பின்னால் குந்திவிட்டோம். உல்லாசப் பயணிகள் அந்தச் சத்தத்தைக் கேட்க முண்டியடித்துக்கொண்டு நிற்பார்களாம். எங்களுக்கு அது ஒரு ஆயுளுக்குப் போதுமான அளவு ஊரிலேயே கிடைத்திருந்தது.

"எழும்புங்கோ, இது பொய் வெடி" என்றாள் ஜெயம். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஆறு நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

வேதாகமத்தில் வருகிற பவுலடியார் வந்த கப்பல் உடைந்து கரையேறிய தீவு அது. அதைப்பற்றிப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்கு ஒரு கொப்பியில் பன்னிரண்டு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒருவரும் கேட்காததால் முழுவதையும் ஜெயத்துக்கு வாசித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் நீந்தியோ கரைக்கு வந்தவர்?"

"நீந்தத் தெரிஞ்சவை நீந்தினவை. மற்றவை பலகையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவை."

"ம்" என்றாள். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் பன்னிரண்டு பக்கம்தான் முக்கியம்.

இரண்டாம் நாள் பின்னேரம் பிள்ளைகள் துறைமுகத்திலிருந்து ஒரு பை நிறையப் பற்றிஸ் மாதிரி ஒரு பலகாரம் கொண்டுவந்தார்கள், உள்ளே பட்டாணிக் கடலை அரைத்து வைத்தது. நான் கோபத்தோடு நாலு சாப்பிட்டேன். ஷாலினி போனில் படம் காட்டினாள். எல்லா மீன்பிடிப் படகுக்கும் முகப்பில் இரண்டு கண் வரைந்திருந்தது. ஜெயம் அந்தப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "ஐஞ்சாம் நாள் போட்டிலை இடம்..." என்று தொடங்கினாள்.

"அம்மாவுக்குக் கால் ஏலாது" என்று நான் குறுக்கே விழுந்தேன். (அவள் கால் நன்றாகத்தான் இருந்தது. உடைந்திருந்தது என் மூக்கு.)

"ஓ, ஓகே அம்மா" என்றாள் ஷாலினி. ஜெயம் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சமையல் வகுப்பு. அதற்கும் நாங்கள் பல்கனிதான். நாலாம் நாள் காலையில் நான் என் மரியாதையிலிருந்து ஒரு படி இறங்கிப் பார்த்தேன்.

"கடல் இண்டைக்கு நல்ல அமைதியாக் கிடக்கு போலை" என்றேன் கெவினிடம்.

"ஓம் மாமா, பெர்ஃபெக்ற்."

"நான் தொப்பி ஒண்டும் கொண்டந்தனான்."

"நைஸ் மாமா. வெயிலுக்கு நல்லது."

"எனக்குப் போட்டிலை போனால் சத்தி கித்தி ஒண்டும் வராது."

"குட் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்தப் பிள்ளையை அந்த நிமிடம் எவ்வளவு வெறுத்தேன் என்று எழுதக் கூசுகிறது. அவன் செய்த குற்றம், நான் சொன்னதை நம்பியது.

ஐந்தாம் நாள் காலை அவர்கள் போட்டுக்குக் கிளம்பிப் போனதும் நான் வெடித்தேன். (இது பொய் வெடி இல்லை.)

"வெளிக்கிடும்!"

"எங்கை?"

"போட்டுக்கு. இவை கூப்பிடாட்டி எங்களுக்குப் போகத் தெரியாதோ?"

ஜெயம் மறுப்பாள், நான் இன்னும் கொஞ்சம் கத்தலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டு நிமிடத்தில் ஒரு நீளமான பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு கதவடியில் நின்றாள். நாற்பது வருடத்தில் அவள் இரண்டு நிமிடத்தில் வெளிக்கிட்டதை நான் கண்டதில்லை. அப்போதாவது யோசித்திருக்கவேண்டும்.

சரிவுத் தெருவில் ஓடி இறங்கி, கயிறு அவிழ்க்கிற நேரம் ரிக்கற் எடுத்து ஏறினோம். ஷாலினி கண்ணை விரித்துக்கொண்டு எழும்பினாள்.

"அப்பா! நீங்கள் வரேல்லை எண்டனீங்கள்!"

"கூப்பிட்டால்தானே வரலாம்" என்றேன், தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற குரலில்.

"பட் மாமா, நாங்கள் கேட்டனாங்கள்தானே?" என்றான் கெவின்.

"கேட்ட விதம்!" என்று சொல்லிவிட்டுப் போய் நிழலில் இருந்தேன்.

நான் இருந்த கோலத்தையும் சொல்லவேண்டும். நீளக் காற்சட்டை, ஞாயிறு பூசைக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்து, புதுத் தொப்பி, அதோடு போட்டில் வேறு ஒருவரும் போடாத செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி. சுற்றிவர அரைகுறை உடுப்போடு நாற்பது பேர். நீலக் குடாவில் போட் நின்றது. அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் சொல்லமாட்டேன். அவ்வளவு அழகாக இருந்ததில் எனக்கு அதன் மேலும் கோபம் வந்தது. நாற்பது நிமிடம் நிற்கும், விரும்பியவர்கள் இறங்கலாம் என்று அறிவித்தார்கள். ஷாலினியும் கெவினும் ஒரு சின்ன ரப்பர்ப் படகில் ஏறிக் குகைகளைப் பார்க்கப் பாறைக்கு அந்தப் பக்கம் போனார்கள். போகும்போது கெவின், "மாமா, வாறீங்களா?" என்று கேட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இல்லை" என்றேன். அவன் "ஓகே" என்று போய்விட்டான். இரண்டாம் தரம் கேட்பானென்று படகு மறையும்வரை பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஜெயம் இல்லை.

போட்டின் பின்பக்கத்தில் ஏணி. அதன் மேல் படியில் அவள் நின்றாள். பருத்திச் சட்டை மடித்துக் கதிரையில் கிடந்தது. அவள் உடம்பில் கை நீளமான, முழங்கால் வரை வருகிற ஒரு கறுப்பு நீச்சல் உடை. தலையில் நீல ரப்பர்த் தொப்பி. நீச்சல் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டினாள், நாளாந்தம் மாட்டுகிற ஆளைப்போல. பிறகு ஏணியில் இறங்கி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஒரு பதினைந்து முழம் நீந்திப்போய், மல்லாந்து கையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தாள்.

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் கடற்கரையோடு பிறந்து வளர்ந்தும் கணுக்காலுக்கு மேலே கடல் படாமல் அறுபத்தாறு வயதாக்கிய பெண் அவள். அவள் முகத்தில் அன்றிருந்த அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு மனிதனாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி இருந்திருப்பேன். எனக்கு வந்ததோ வேறு. என்னைக் கேட்கவில்லை! ஐந்து நாளாக மருமகன் இரண்டாம் தரம் கேட்கவில்லை, இப்போது மனைவி ஒரு தரம்கூடக் கேட்கவில்லை!

எழும்பினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விசிறினேன்.

"ஜெயம்! ஏறும் மேலை! உதென்ன கூத்து? ஆக்கள் பாக்கினம்! ஜெயம்!"

காது தண்ணீருக்குள் இருந்தபடியால் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அசையவில்லை. நான் இன்னும் பெரிதாகக் கத்தினேன். தொண்டை கிழிந்து குரல் அழுகைபோல வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்தார். அசையாமல் கிடக்கிற ஜெயத்தைப் பார்த்தார். "ஐயோ, இவரின் மனைவி!" என்று ஆங்கிலத்தில் ஒரு கூச்சல் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் பத்து வினாடிக்குள் நடந்தது. விசில் ஊதியது. போட்டின் சங்கு ஊதியது. சிவப்புச் சட்டை போட்ட இரண்டு பையன்கள் காற்று வளையத்தோடு குதித்தார்கள். ஒருவன் ஜெயத்தின் கழுத்துக்குக் கீழே கைபோட்டு இழுத்தான். திடுக்கிட்டுக் கண் விழித்த ஜெயம், "நோ, நோ! ஐ ஆம் ஓகே!" என்று திமிறினாள். மூழ்குகிறவர்கள் திமிறுவார்கள் என்று அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். திமிறியதில் அவள் உண்மையாகவே இரண்டு மிடறு உப்புத் தண்ணீர் குடித்தாள். நன்றாக மிதந்துகொண்டிருந்த ஒரு மனுசியை முக்கி எடுத்து, ஏணியால் தூக்கிவந்து, போட்டின் மேல்தட்டில் படுக்கவைத்து, வெள்ளித்தாள் போன்ற போர்வையால் சுற்றினார்கள்.

வெள்ளைக்கார அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கப்டன் ஒரு சின்னக் கிளாசில் பிராந்தி கொண்டுவந்து, "குடியுங்கள், நீங்கள் சத்தம் போடாவிட்டால் நாங்கள் கண்டிருக்கமாட்டோம்" என்றார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். நான் பிராந்தியைக் குடித்தேன்.

சங்குச் சத்தம் கேட்டு ரப்பர்ப் படகு பறந்து வந்தது. ஷாலினி அழுதுகொண்டு தாயின் பக்கத்தில் விழுந்தாள்.

"என்ன நடந்தது அப்பா? என்ன நடந்தது?"

ஜெயம் போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். ஒரு வசனம் போதும். 'அவவுக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை, நான்தான் கோவத்திலை கத்தினனான்.' அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது பேர் கை தட்டிய பிறகு, பிராந்தியும் குடித்த பிறகு, அது எப்படி வரும்?

"அம்மா தண்ணியிலை தாழுற மாதிரிக் கிடந்துது" என்றேன்.

ஜெயம் கண்ணை மூடிக்கொண்டாள்.

போட் நேரத்துக்கு முன்னரே திரும்பியது. கரையில் ஒரு டொக்டர் ஜெயத்துக்குப் பிரஷர் பார்த்தார். கண்டபடி ஏறியிருந்தது. (ஏறாமல் என்ன செய்யும்? அவள் என்னைப் பார்த்தபடி அல்லவா இருந்தாள்.) பயணம் குழம்பிய ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. இறங்கும்போது என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஹோட்டலுக்கு வந்ததும் ஜெயம் நீச்சல் உடையை அலசிப் பல்கனியில் காயப்போட்டாள்.

"எப்ப பழகினீர்?" என்று கேட்டேன்.

"செவ்வாயும் வியாழனும்."

செவ்வாயும் வியாழனும் அவள் செபமாலைக் கூட்டத்துக்குப் போகிற நாட்கள். போகிற நாட்கள் என்று நான் நம்பியிருந்தவை. மோல்டாவுக்குப் போகலாம் என்று ஷாலினி முதன்முதலாக வாயெடுத்த கிழமையிலிருந்து, எட்டு மாதம், வீட்டுக்குக் கிட்ட உள்ள சமூக நிலையத்து நீச்சல் குளத்தில் படித்திருக்கிறாள். எட்டு மாதம் செபக் கூட்டத்திலிருந்து ஈரத் தலையோடு வந்த மனைவியை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?"

பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் என் பொய் வளரத் தொடங்கியது. ஷாலினி முதல் வேலையாகத் தாயின் நீச்சல் பாஸை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள். "அம்மா, நோ மோர் வோட்டர்" என்றாள். குளம் வேறு கடல் வேறு என்று ஜெயம் சொல்லிப்பார்த்தாள். "உங்களுக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்கே தெரியாது அம்மா, அப்பாதான் கண்டவர்" என்று பதில் வந்தது. நான் பக்கத்தில் இருந்து பேப்பர் பார்த்தேன். இரண்டு விண்டர் போயிற்று. ஜெயம் செவ்வாயும் வியாழனும் மோல் கடைத்தொகுதிக்குள் நடந்தாள். முழங்கால் நோ வந்தது. மோல்டாவில் நான் சொன்ன பொய்க்குக் கால் முளைத்து, அது அவள் காலையே பிடித்துவிட்டது. நான் கல்யாண நாள் வீடுகளில் பேச்சுப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது விண்டர் முடியப்போகிற ஒரு ஞாயிறு, ஸ்ரௌவ்விலில் ஷாலினி வீட்டில் மதியச் சாப்பாடு. ஜெயம் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினாள். ஷாலினி, "டொக்டர் சொல்லுறார் முழங்காலுக்குத் தண்ணியிலை எக்சசைஸ் செய்யிறதுதான் பெஸ்ற் எண்டு. ஆனால் மோல்டாவுக்குப் பிறகு எப்பிடி?" என்றாள்.

ஜெயம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பியிருப்பேன். கோபத்துக்குக் கோபம் காட்ட எனக்குத் தெரியும். பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"அம்மா தாழேல்லை" என்றேன்.

கெவின்தான் முதலில் கேட்டான்.

"மாமா, அப்ப மாமி ஓகேயா இருந்தவவா?"

"ஓம்."

"நீங்கள் ஹெல்ப் கேட்டுக் கத்தேல்லையா?"

"இல்லை. ஏசினனான்."

"ஏன்?"

"எனக்குக் கோவம்."

"ஆரோடை?"

"உம்மோடை" என்றேன். அவன் கரண்டியை வைத்துவிட்டான். "நீர் ஒருக்காத்தான் கேட்டனீர். திரும்பக் கேக்கேல்லை." பிறகு அந்த மூன்று தர விசயத்தை விளக்கினேன். அவன் மூன்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டு கேட்டான். எழுபது வயது மனிதன் ஒருவன் தேத்தண்ணிக் கணக்கில் ஒரு கடலையே கெடுத்த கதையை அவன் முகத்தில் நான் வாசித்தேன்.

ஷாலினி எழும்பி நின்றாள். அவளுக்கு என் கோபம் அப்படியே வந்திருக்கிறது. "ரெண்டு வருசம் அப்பா! ரெண்டு வருசம் அம்மாவை நான் தண்ணிக்குக் கிட்ட விடேல்லை! நீங்கள் அதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்! ஹவ் குட் யூ?" பிறகு தாயிடம் திரும்பினாள். "நீங்களேன் அம்மா சொல்லேல்லை?"

ஜெயம் தண்ணீர்க் கிளாசைக் கீழே வைத்தாள்.

"சொல்லுறது அவற்றை வேலை. சமைக்கிறன், உடுப்புத் தோய்க்கிறன், மருந்துக் குளிசை எடுத்துக் குடுக்கிறன். உதையும் நானோ செய்யவேணும்?"

அன்று பின்னேரமே ஷாலினி தாய்க்குப் புதுப் பாஸ் எடுத்துக் கொடுத்தாள். என்னோடு மூன்று கிழமை பேசவில்லை. அது காணாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஜெயம் இப்போது செவ்வாயும் வியாழனும் குளத்துக்குப் போகிறாள். நான் கார் ஓட்டிக்கொண்டுபோய் ஓரத்து வாங்கில் இருந்து பார்க்கிறேன். அங்கே காவலுக்கு நிற்கிற பிள்ளையிடம் ஷாலினி முன்கூட்டியே என்னைப்பற்றிச் சொல்லிவைத்திருக்கிறாள். முதல் நாளே அந்தப் பிள்ளை வந்து, "சேர், தயவுசெய்து கையை மேலே தூக்காதீர்கள். தூக்கினால் நான் குதிக்கவேண்டி வரும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பூசைக்கு வருகிற சனத்திடம் நான் உண்மையைச் சொல்லிப் பார்க்கிறேன். நம்புகிறார்களில்லை. தன்னடக்கமாம்.

ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த அன்றிலிருந்து எனக்கு ஒழுங்காக ஒரு கோபம் பட வழியில்லை. அரசியலோ, உறைப்புப் போதாத கறியோ, ஏதாவது ஒன்றுக்கு நான் குரலை உயர்த்திக் கையை ஒரு முழம் தூக்கினால் போதும், "ஆரோ தாழுகினம்!" என்று ஷாலினி கத்துவாள். கெவின் கதிரையைத் தள்ளிவிட்டு மேசைக்குக் கீழே பாய்வான். போன மாதம் றிச்மண்ட் ஹில்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாயசம் கொண்டுவருகிறவரைக் கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன். அங்கேயும், கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு, பாய்ந்தான். முழு மேசையும் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைக் கீழே போட்டேன்.

ஜெயம் தலையை நிமிர்த்தவில்லை. தன் இலையில் இருந்த வடையைப் பிட்டபடி, "ஐ ஆம் ஓகே" என்றாள்.